இரைப்பை நிறைகிறது, முட்டை குறைகிறது: புறக்கடைக் கோழிக்கு என்ன போடலாம்?

கேள்வி: ஐயா, வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். காலையும் மாலையும் மக்காச்சோளமும் கோதுமையும் வேண்டிய மட்டும் போடுகிறேன். சமையலறையில் மீந்ததும் போகும். இரண்டு மாதமாக முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது. எடுக்கும்போதே ஓடு நொறுங்குகிறது, சில நாள் தோல்முட்டை. ஒன்றின் வால் இறகை இன்னொன்று பிடுங்கித் தின்கிறது. ஒரு கோழி முட்டையையே உடைத்துக் குடிக்கிறது. தீனியில் குறை வைக்கவில்லையே, என்ன காரணம்? பத்து வாரக் குஞ்சுகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் இதையே போடலாமா?

பதில்: அளவில் நீங்கள் குறை வைக்கவில்லை, சரி. ஆனால் நீங்கள் எழுதிய எல்லா அறிகுறியும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: அவை வயிறு நிறையத் தின்றுவிட்டுப் பசியோடு இருக்கின்றன.

கோழி தன் உடம்புக்கு வேண்டிய எரிசக்தி கிடைத்ததும் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். தானியத்தில் அந்தச் சக்தி நிறைய உண்டு. அதனால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வந்து சேரும் முன்பே கோழி போதும் என்று ஒதுங்கிவிடுகிறது. முட்டையிடும் கோழி நாளுக்குச் சுமார் 110 கிராம் தின்னும். அதில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும், அதாவது 18 கிராம் அளவுக்கு. மக்காச்சோளத்தில் இருப்பது 8, 9 சதவீதம்தான். கோதுமை கொஞ்சம் மேல், அவ்வளவே. ஒரு முட்டைக்குள் மட்டும் 6 கிராம் புரதம் போகிறது. உடம்பைக் காப்பாற்றி, இறகை வளர்த்து, முட்டையும் போட எங்கிருந்து வரும்? இறகு கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். அதனால்தான் ஒன்றின் வாலை இன்னொன்று தேடிப் போகிறது. இட நெருக்கடியும் பேனும் இதைத் தூண்டும் என்பதால் இறகைப் பிரித்து அடித்தோலையும் ஒருமுறை பாருங்கள்.

ஓட்டின் கதை இன்னும் மோசம். ஒரு முட்டை ஓட்டில் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதெல்லாம் உடம்பில் சேராது என்பதால் நாளுக்கு 4 கிராம் தேவை. 110 கிராம் மக்காச்சோளத்தில் 0.05 கிராம்கூடக் கிடையாது. பற்றாக்குறையைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. எலும்பும் வற்றினால் ஓடு மெலியும், பிறகு தோல்முட்டை, பிறகு முட்டையே நின்றுபோகும். சாயங்காலம் உங்கள் கோழிகள் சுவரின் சுண்ணாம்பையோ காரையையோ கொத்துகின்றனவா என்று கவனியுங்கள். ஓடு கட்டுவது பெரும்பாலும் இரவில் நடக்கும் வேலை. அதற்கான தேடல் அந்த நேரத்தில்தான் கூடும்.

ஆகவே முதல் வேலையாக ஒரு சட்டியில் கிளிஞ்சல் துண்டுகளை எப்போதும் வைத்திருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது பெட்டைக்குத் தெரியும். மாவாக இருப்பதைவிடச் சிறு துண்டுகளாக இருப்பது நல்லது, வயிற்றில் மெதுவாகக் கரைந்து இரவிலும் கிடைக்கும். வீட்டு முட்டை ஓட்டையும் வறுத்து நொறுக்கிப் போடலாம். பாதி உடைந்த ஓட்டை அப்படியே போட்டுவிடாதீர்கள், முட்டை குடிக்கும் பழக்கம் அப்படியும் தொற்றும். வேறொரு சட்டியில் கரையாத சிறு கல்லும் வேண்டும். பல்லில்லாத கோழி தானியத்தை அரைப்பது அந்தக் கல்லை வைத்துத்தான்.

அடுத்தது தீவனம். கடையில் கிடைக்கும் முட்டைக்கோழித் தீவனம் எளிது, கணக்குப் போட்டுச் செய்தது. நீங்களே கலப்பதானால் 10 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 5¾ கிலோ, தவிடு 1½ கிலோ, சோயா புண்ணாக்கு 2 கிலோ, உப்புப் போடாத மீன்தூள் அரை கிலோ, சமையல் உப்பு 25 கிராம். தாது உப்பும் வைட்டமினும் சேர்ந்த கோழிக் கலவையைப் பொட்டலத்தில் போட்ட அளவுக்குச் சேர்க்கவும். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் போட்டுப் பயனில்லை. பச்சை சோயாவை அரைத்துப் போடாதீர்கள், செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, சூட்டில்தான் அது போகும்.

புண்ணாக்கு வாங்கும்போது மூக்கருகில் வைத்துப் பாருங்கள். பூசண வாடையோ கட்டியோ இருந்தால் விலை குறைவு என்று எடுத்துவிட வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான், கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூசண நஞ்சு காரணம் என்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவே ஈரலைக் கெடுக்கப் போதும்.

இந்தக் கலவையைப் பழைய தானியத்தோடு சேர்த்துப் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். அதன்பிறகு தனித் தானியம் சாயங்காலம் ஆளுக்குக் கொஞ்சம், மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்குள். கீரை, புல், புழு, பூச்சி எல்லாம் நல்லதே. சமையலறை மிச்சத்தில் உப்பு அதிகமானதும் பூசணம் பிடித்ததும் வேண்டாம். தண்ணீரை மறந்துவிடாதீர்கள். பன்னிரண்டு கோழிக்கு நாளுக்கு 3 லிட்டர் என்றால், வெயில் காலத்தில் இரண்டு மடங்கு, நிழலில் வைத்து. அரை நாள் தண்ணீர் இல்லாமல் போனால் மறுநாள் முட்டையில் தெரிந்துவிடும்.

குஞ்சுகளுக்கு முட்டைக்கோழித் தீவனத்தைப் போடாதீர்கள் என்று சொல்ல முக்கியமான காரணம் உண்டு. வளரும் கோழிக்கு 1 சதவீத கால்சியம் போதும். கடையில் வாங்கும் முட்டைத் தீவனத்தில் 3½, 4 சதவீதம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். உங்கள் பத்து வாரக் குஞ்சுகளுக்கு வளர்கோழித் தீவனம் தனியாக, பெரிய கோழி நுழையாத தடுப்புக்குள் வையுங்கள். முதல் முட்டை வரும் வயதில் மாற்றலாம்.

முட்டை குடிக்கும் கோழிக்கு முட்டையிடும் இடத்தை இருட்டாக்கி, முட்டையைப் போட்டதும் போட்டதுமாக எடுங்கள். பெரும்பாலும் முற்பகலில்தான் போடும், அந்த நேரம் இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்தால் போதும்.

இரவில் அடைந்த பிறகு ஒரு கோழியைக் கையில் எடுங்கள். கழுத்தடியில் உள்ள இரைப்பை நிறைந்திருக்க வேண்டும். மார்பெலும்பைத் தடவினால் இரண்டு பக்கமும் சதை தட்டுப்பட வேண்டும், கத்தி விளிம்பு போல நீண்டிருந்தால் அது மெலிந்த கோழி. வாரம் ஒருமுறை அதே கோழியைத் தடவுங்கள். ஓடு ஒரு வாரத்தில் கெட்டிப்படத் தொடங்கும், முட்டை எண்ணிக்கை ஏற மூன்று, நான்கு வாரம் ஆகும். இறகு உதிர்க்கும் காலமாகவோ பகல் குறுகும் பருவமாகவோ இருந்தால் இன்னும் தாமதிக்கும். ஒரு மாதம் கழித்தும் ஓடு சுருங்கிக் கோணலாக வந்தாலோ, தும்மலோ பச்சைக் கழிச்சலோ சேர்ந்து இருந்தாலோ தீவனத்தை மாற்றிக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.