மேடைப் பேச்சு: தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பாலக்கோடு ஆசிரியை: ஆண்டு விழாவில் நான் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே பெற்றோர் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

அந்த இரண்டு நிமிடமும், மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கும் அவை விளிப்புக்கே போயிருக்கும். முதல் வாக்கியத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளைக் கொடுங்கள். நம் தகடூர் (இன்றைய தர்மபுரி) மன்னன் அதியமானுக்காகத் தூது போன ஔவையார், மன்னன் தொண்டைமானிடம் போரின் கொடுமை பற்றி உரையாற்றவில்லை. 'உன் ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன' என்றார் (புறநானூறு 95). யார் போரில் பழகியவன் என்ற கணக்கைக் கேட்டவனே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நீங்களும் அட்டை கிழிந்த நோட்டு ஒன்று, மடிப்புக் கலையாத நோட்டு ஒன்று தூக்கிக் காட்டுங்கள். 'இதில் எது படிக்கிற பிள்ளையுடையது?' என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் மூன்று எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

ஓசூர் வாசகர்: மைக்கில் என் குரல் வெடிக்கிறது, சில நேரம் ஊளையிடுகிறது.

உதட்டுக்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். நேராகப் பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் மூச்சு மோதி வெடிக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் சாயுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாலும், மைக்கின் தலையைக் கையால் பொத்தினாலும் ஊளைதான். தட்டாதீர்கள், ஊதாதீர்கள்.

அரூர் வாசகர்: அவை விளிப்பில் ஒரு பெயர் விட்டுப்போனால் சண்டையே வருமே ஐயா?

வரும். அதனால்தான் பட்டியலே வேண்டாம் என்கிறேன். 15 பேர், பட்டத்தோடு ஆளுக்கு 8 விநாடி என்றால் 2 நிமிடம் காலி. வரவேற்புரையில் அத்தனை பேரையும் சொல்லியாயிற்று. தலைவர், சிறப்பு விருந்தினர், அவையோர் போதும்.

காரிமங்கலம் வாசகர்: அரூர்க்காரர் பக்கம்தான் நான். பெயர் சொன்னால் கைதட்டல் விழுகிறது, கூட்டம் சூடாகிறது.

கைதட்டல் அந்தப் பெயருக்கு, உங்களுக்கு இல்லை. தட்டிய கை அடுத்து செல்போனுக்குத்தான் போகும். சொல்லியே ஆக வேண்டுமென்றால் பேச்சின் நடுவில் சொல்லுங்கள்: ஏரி தூர்வாரியதைப் பேசும்போது, முன்னின்று வாரியவர் பெயரை. அவருக்கும் மகிழ்ச்சி, பேச்சும் நகரும்.

ஊத்தங்கரை வாசகர்: அவை விளிப்பை எப்படிச் சுருக்குவது?

மேலே இரண்டு பதில் இருக்கிறது.

கிருஷ்ணகிரி வாசகர்: வாட்ஸப் ஜோக் சொல்லலாமா?

முன்வரிசை நேற்றே படித்திருக்கும்.

மத்தூர் வாசகர்: மகனுக்குத் திக்குவாய்.

இது என் துறை இல்லை. பேச்சுப் பயிற்சி மருத்துவரிடம் காட்டுங்கள்.

பென்னாகரம் வாசகர்: மைக் வேலை செய்கிறதா என்று தட்டாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

'வணக்கம்' சொல்லுங்கள். கடைசி வரிசையில் தலை நிமிர்ந்தால் வேலை செய்கிறது.