வாசகர் கேள்வி: நேர்வாசல் வீட்டுக்குக் காற்றுமணி தேவையா?

கேள்வி: எங்கள் ஐயா கட்டிய வீட்டில் முகப்பில் நின்றால் பின்வாசல் வரை நேராகத் தெரியும். இப்படி இருந்தால் செல்வம் தங்காது என்று சொல்லும் சிங்கப்பூர் உறவினர், வாசல் நிலையில் எண்கோணக் கண்ணாடியும், வளவில் (முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியில்) காற்றுமணியும், சிரிக்கும் புத்தரும் வைக்கச் சொல்கிறார். வாசலுக்கு எதிரே உள்ள பெல்ஜியம் கண்ணாடியையும் எடுத்துவிட வேண்டுமாம். செய்யலாமா?
- கானாடுகாத்தான் வாசகி

பதில்: சீனர்களின் மனையடி சாஸ்திரமான ஃபெங் சுயியை உங்கள் உறவினர் தவறாகச் சொல்லவில்லை. இரு வாசல்களும் நேர்கோட்டில் அமைந்தால், ‘சி’ எனப்படும் உயிராற்றல் வீட்டில் தங்காமல் வெளியேறிவிடும் என்பது அதன் கொள்கை. ஆனால், அதில் சொல்லப்படும் பொருள்கள் பலவும் குறையுள்ள இடத்துக்கான பரிகாரங்களே தவிர, அதிர்ஷ்டத்துக்காகக் கண்ட இடத்தில் வைப்பவை அல்ல. உங்கள் வீட்டில் அந்த ஓட்டத்தின் குறுக்கே வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. வெப்பக் காற்று அதன் வழியே மேலெழ, வாசல்கள் வழியே புதுக் காற்று உள்ளே வருகிறது. இந்த ஏற்பாட்டைத் திரையிட்டு மறைத்தால், சித்திரை வெயிலில் வளவில் உட்கார முடியாது. காற்றுமணியால் கெடுதல் இல்லை. உலோகத்தால் ஆனதென்றால் மேற்கிலோ வடமேற்கிலோ தொங்கவிடச் சொல்வார்கள்.

எண்கோணக் கண்ணாடி, எதிரே தெருக்குத்து போன்றவை இருந்தால் வீட்டின் வெளிப்புறத்தில் மட்டும் மாட்டப்படுவது. உங்களுக்கு அது வேண்டியதில்லை. அதற்காகச் சிற்பவேலை செய்த பர்மாத் தேக்கு நிலையில் ஆணி அடிப்பதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

வாசலுக்கு நேரெதிரே கண்ணாடி இருந்தால் உள்ளே வரும் ஆற்றலைத் திருப்பியனுப்பிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. மனம் உறுத்தினால் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். மாற்றும்போது முதுகுப்புற ரசப்பூச்சில் சுவரின் ஈரம் ஏறாதபடி, சற்று இடைவெளி விட்டு மாட்டுங்கள். ஈரம் பட்டால் ரசம் கறுத்துப் புள்ளி புள்ளியாக உதிரும், பிறகு பழைய தெளிவு வராது.

சிரிக்கும் புத்தர் கௌதம புத்தர் அல்லர். 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் புதாய் என்ற சீனத் துறவி. முகப்பில் வாசலைப் பார்த்தபடி, தரையில் படாமல் வைக்கலாம். செல்வம் கொண்டுவருவார் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. பார்ப்பவர் முகம் மலரும், அவ்வளவுதான்.

அடுத்து நீரூற்றுப் பொம்மை வந்து சேர்ந்தால், எந்த சாஸ்திரத்தைப் பின்பற்றுவது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வாஸ்து ஈசானியத்தில், அதாவது வடகிழக்கில், நீரை வைக்கச் சொல்கிறது; ஃபெங் சுயியோ வடகிழக்கை மண்ணுக்குரியதாகவும் வடக்கை நீருக்குரியதாகவும் கொள்கிறது.