கேரலுக்கு ரெண்டு குழுவா?

கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு ஏற்காட்டில் உங்கள் சபை இரண்டாகி, கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகிற கேரலுக்கே ரெண்டு குழு கிளம்புகிறது, ஆயரிடம் புகார் எழுதட்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் பிரதர். பைபிளில் மத்தேயு 18-ல், சகோதரன் தப்பு செய்தால் என்ன செய்யணும் என்று இருக்கிற வரிசையே வேறு: முதலில் தனியாகப் போய்ப் பேசணும், அப்புறம் ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில்தான் சபைக்குச் சொல்லணும். நாம் கடைசிப் படியில் ஆரம்பிக்கிறோம், அதுவும் வாட்ஸ்அப்பில்!

சேலத்தில் எங்கள் சபையில் இரண்டு வருஷம் பேசாத இரண்டு பெரியவர்களை அறுப்பின் பண்டிகைச் சமையலில் ஒரே அண்டா பக்கம் நிறுத்தினோம். ஒருவர் உப்பு பார்க்கச் சொல்லிக் கரண்டியை நீட்ட, மற்றவர் உள்ளங்கையில் ஊற்றி நக்கிவிட்டு 'இன்னும் கொஞ்சம்' என்றார், அவ்வளவுதான். பல சபைப் பிரிவுகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுசேர, 1919 தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்து 28 வருஷம் பேசியிருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு கேரல் லிஸ்ட்தான். ஞாயிறு சாயங்காலம் அந்த இன்னொரு குழுவை நடத்துகிறவர் வீட்டுக்குப் போங்கள், தனியாக.