சஸ்பெண்ட் ஆன எஸ்.ஐ. திரும்ப டூட்டிக்கு வந்துவிட்டார், எங்கள் புகார் என்ன ஆனது?

வட மாவட்டத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன், தெருச் சண்டை விஷயமாக விசாரிக்க வேண்டும் என்று மகனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் எஸ்.ஐ. லத்தியால் அடித்திருக்கிறார். எஸ்.பி.யிடம் எழுதிக் கொடுத்ததும் எஸ்.ஐ. சஸ்பெண்ட். மூன்று மாதம் கழித்து அவர் பக்கத்து ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார். "எங்கள் புகார் பொய் என்று முடிவாகிவிட்டதா? மனித உரிமைக்காரர் ஒருவர் இருபதாயிரம் தந்தால் அவரை வேலையை விட்டே தூக்கிவிடலாம் என்கிறார், தரலாமா?"

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மனித உரிமை ஆணையம் என்பது அரசு அமைப்பு, அங்கே மனு கொடுக்கக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. காரில் போர்டு, கழுத்தில் அடையாள அட்டை, 'மாநிலத் துணைத் தலைவர்' பட்டம் என்று வருகிறவர்கள் அந்த ஆணையம் இல்லை. இவர்களில் பலர் உங்களிடம் வாங்கிய கையோடு எஸ்.ஐ.யிடமும் போய்ப் பேசுவார்கள், அப்புறம் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். அதில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சரி, சஸ்பெண்டுக்கு வருவோம். அது தண்டனையே இல்லை. விசாரணை முடியும்வரை ஆளை ஒதுக்கி வைக்கிறார்கள், ஆரம்பத்தில் பாதிச் சம்பளம் அளவுக்குப் பிழைப்பூதியமும் உண்டு. மூன்று மாதத்துக்குள் சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டை எழுதிக் கொடுக்கும் ஆணை, கொடுக்காவிட்டால் சஸ்பெண்டை நீட்டக்கூடாது என்று 2015-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, மெமோ போடாமல் மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும், ஆள் திரும்பி வர வழி பிறந்துவிடும்! பேப்பரில் 'அதிரடி சஸ்பெண்ட்' என்று வந்ததும் நாமும் மறந்துவிடுகிறோம். அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு வந்தவர்களின் பல்லைப் பிடுங்கியதாகச் சொல்லப்பட்ட விவகாரத்தில் 2023-ல் சஸ்பெண்ட் ஆன அதிகாரிக்கு 2024-ல் அது ரத்தானது, ஆனால் வழக்கு ரத்தாகவில்லை. உங்கள் விஷயத்திலும் சஸ்பெண்ட் முடிந்ததே தவிரப் புகார் முடியவில்லை.

அதனால் 'என் மனு மீது என்ன நடவடிக்கை, 3(பி) மெமோ (பெரிய தண்டனைக்கான சார்ஜ் மெமோ) கொடுக்கப்பட்டதா' என்று எஸ்.பி. அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மூன்றாம் நபர் தகவல் என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள், உங்கள் சொந்த மனுவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அடித்ததற்கு எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் அது தனிக் கணக்கு. எஸ்.பி.க்கு எழுதிவிட்டதால் அடுத்து பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அரசு ஊழியர் மீதான புகார் என்றால் மேலதிகாரியின் அறிக்கையைப் பார்த்து, அந்த ஊழியர் தரப்பையும் கேட்ட பிறகே விசாரணைக்கு உத்தரவு வரலாம். அடித்தவரின் மேலதிகாரியிடமே அறிக்கை! போலீஸ் புகார் ஆணையமும் அதே லட்சணம்தான். சுதந்திரமான அமைப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது, நம் மாநிலம் 2013-ல் சட்டம் போட்டு மாவட்ட அமைப்புக்குக் கலெக்டரைத் தலைவராக்கி எஸ்.பி.யையே உறுப்பினராக்கிவிட்டது.

மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக் கெடு இருக்கிறது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சஸ்பெண்ட் ஆன நாளிலிருந்து இல்லை, அவர் திரும்பி வந்த நாளிலிருந்தும் இல்லை, எஸ்.பி. அலுவலகத்துப் பதில் வந்த நாளிலிருந்தும் இல்லை, அடி விழுந்த நாளிலிருந்துதான் அந்த ஓராண்டு. பதில் வரட்டும் என்று காத்திருந்தாலும் கெடு நிற்காது. உங்களுக்கு இன்னும் நாலு மாதம்தான். தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பிக் குழப்பாதீர்கள், அங்கே எடுத்துக்கொண்டதை மாநில ஆணையம் தொடாது.

மனுவோடு ஜி.எச்.சில் போட்ட ஏ.ஆர். (காயங்களைப் பதியும் விபத்துப் பதிவேடு) காப்பியை வையுங்கள், ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கவும் கேளுங்கள். பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. கேமரா ரிப்பேர் என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.