வாசகர் கேள்வி: ஒரே நாளில் மதுரை

கேள்வி: சென்னை நண்பர்கள் நான்கு பேர் சனிக்கிழமை மதுரை வருகிறார்கள். ஒரே நாள்தான். எதை, எந்த வரிசையில் காட்டலாம்?

பதில்: பலரும் செய்யும் தவறு, காலை உணவை முடித்துவிட்டு 11 மணிக்கு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவது. மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடுவார்கள். மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அவசர தரிசனமும் வெறுங்கால் சூடும்தான் மிஞ்சும். கோயிலை மாலைக்கு வையுங்கள்.

விடியற்காலையில் கீழக்குயில்குடி சமணர்மலை. பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள், பிறகு பாறை கொதிக்கும். அடுத்து திருமலை நாயக்கர் மகால். இதற்கு ஒரு மணி நேரம் போதும். மதிய உணவுக்குப் பின் ஜிகர்தண்டா: பால், கடற்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம். தெம்பிருந்தால் கீழடி அருங்காட்சியகம். 2023இல் திறந்தது, நகரிலிருந்து சுமார் 12 கி.மீ.

கோயிலுக்குள் செல்போன் கூடாது. அரைக்கால் சட்டை, கையில்லாத உடை வேண்டாமென்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான்கு வாசலும் புதியவர்களுக்கு ஒன்றுபோலவே தெரியும். செருப்பும் போனும் கொடுத்த வாசல் எதுவென்று குறித்துக்கொள்ளாவிட்டால் சித்திரை வீதியைச் சுற்றி நடக்க வேண்டியதுதான்.

இரவு 9 மணிக்கு முன்பே சுவாமி சன்னதிப் பக்கம் நில்லுங்கள். சொக்கநாதரின் பாதுகை பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்குப் போகும். இதைக் காட்டாமல் நண்பர்களை ரயிலேற்றிவிடாதீர்கள்.