தகடு வைத்த காலில் கசிவு: ஆக்சிஜன் அறைக்கு முன் பார்க்க வேண்டியது

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, விவசாயம். சர்க்கரை உண்டு. நீடாமங்கலம் அருகே பைக்கில் இருந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. தகடு வைத்து ஐந்து மாதம் ஆகியும் எலும்பு கூடவில்லை. முழங்காலில் சொடுக்குச் சத்தம், மழை நாளில் குடைச்சல், மாலையில் வந்து காலையில் வடிந்துவிடும் பாத வீக்கம். தையல் போட்ட இடத்தில் அவ்வப்போது நீர் கசிந்து தானாக நின்றுவிடுகிறது. அப்போதெல்லாம் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் படுத்தால் எலும்பு செல்கள் வளரும் என்று இணையத்தில் பார்த்தேன். சென்னைக்கு அழைத்துப் போகலாமா? காலை எடுத்துவிடுவார்களோ என்று அம்மா அழுகிறார்.

பதில்: காலை எடுக்கும் நிலை வந்துவிட்டதாக நீங்கள் எழுதியதில் எதுவும் காட்டவில்லை. அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். சொடுக்குச் சத்தம், குடைச்சல், மாலை வீக்கம் மூன்றையும் விட்டுத்தள்ளுங்கள். தோலைக் கிழித்த முறிவு கூடிவர ஐந்து மாதத்துக்கு மேல் ஆவதும் புதிதல்ல. முழங்காலுக்குக் கீழே அந்த எலும்புக்கு ரத்த ஓட்டமே குறைவு.

போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்களே, கசிவு, அதுதான் என் கவலை. தகடு வைத்த இடத்தில் வேட்டி நனைகிற அளவுக்கோ, ஒரு பொட்டு அளவுக்கோ நீர் வந்து, நின்று, மறுபடி வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை உள்ளே எலும்பில் சீழ் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை என்பதெல்லாம் ஆறுதல் அல்ல. குளத்துப் படியில் பாசி பிடிப்பதுபோல் கிருமிகள் தகட்டின்மேல் படிந்துவிடும். வெறும் மாத்திரையால் அவற்றை அழிக்க முடிவதில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த மாத்திரை கசிவை நான்கு நாள் மறைத்தது, அவ்வளவுதான். இன்னொரு கெடுதலும் உண்டு: எந்தக் கிருமி என்று பரிசோதிக்கும்போது அது வளராமல் போய்விடும். ஆகவே கடை மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். சர்க்கரை மருந்தை நிறுத்தக் கூடாது.

இனி ஆக்சிஜன். நீங்கள் பார்த்தது முழுப் பொய் இல்லை. சாதாரணக் காற்றை மூச்சிழுக்கும்போது 100 மி.லி. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 0.3 மி.லி. மூன்று மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனை இழுத்தால் அது 6 மி.லி. அளவுக்கு ஏறும். ஆய்வகத் தட்டில் எலும்பு கட்டும் செல்களை இப்படி வைத்துப் பார்த்தபோது, அவை சீக்கிரம் முதிர்ந்து கூடுதலாகச் சுண்ணாம்புச் சத்தைப் படியவைத்தன. ஆனால் தட்டில் சீழ் இல்லை, சர்க்கரை நோய் இல்லை, ஆடுகிற தகடும் இல்லை. கூடாத முறிவுக்கு இந்தச் சிகிச்சை உதவுகிறதா என்று 2012இல் காக்ரேன் ஆய்வாளர்கள் (உலகெங்கும் நடந்த மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் குழுவினர்) தேடியபோது, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லத் தகுந்த மருத்துவச் சான்று ஒன்றும் கிடைக்கவில்லை. இதை மறைத்துவிட்டு 'எலும்பு வளரும்' என்று விளம்பரம் செய்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது; வயலை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நாள்பட்ட, எளிதில் அடங்காத எலும்புச் சீழில் இந்த அறைக்கு இடம் உண்டு. கிருமியைக் கொல்ல வெள்ளணுக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆனால் செத்த எலும்பைச் சுரண்டி எடுத்து, சரியான மருந்து தொடங்கிய பிறகு, கூடுதல் துணையாகத்தான். தினமும் ஒன்றரை மணி நேரம் என்று 20 முதல் 40 முறை போக வேண்டியிருக்கும். காதில் அழுத்த வலி வரலாம். அப்பா போன்ற சர்க்கரை நோயாளிகளுக்கு அறைக்குள் இருக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கவும் செய்யும்.

சென்னை வேண்டாம். இந்த வாரமே அறுவை செய்த மருத்துவரிடம் போங்கள். முடியாவிட்டால் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போங்கள். எல்லா எக்ஸ்ரேக்களையும், கொடுத்த மாத்திரைகளின் காலி அட்டைகளையும் எடுத்துப் போங்கள். புதிய எக்ஸ்ரே, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள், மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்ப்பார்கள். கிருமிப் பரிசோதனைக்கு மேலே கசியும் நீர் போதாது. உள்ளே எலும்பை ஒட்டிய சதையில் இருந்து எடுக்க வேண்டும். அதைக் கேளுங்கள். அப்பா பீடி குடிப்பவரானால் அதை விட்டே ஆகவேண்டும், எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துவதில் அது முதல் வரிசை. பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப் தாராளமாகக் கொடுங்கள். கசிவு நிற்கும் வரை அந்தக் காலோடு வயல் சேற்றில் இறங்க வேண்டாம்.

குளிர்காய்ச்சல் வந்தாலோ, கால் சிவந்து சுட்டாலோ, கசிவு திடீரென்று கூடினாலோ விடியும் வரை காத்திருக்காமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.