அந்தக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்து போடாதீர்கள்

அம்மா, நேற்று உங்கள் மகள் காட்டிய டிவிடி டிரைவ் லென்ஸ் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மிளகு அளவுக் கண்ணாடி, மயிரிழை போன்ற கம்பிகளில் தொங்குகிறது. "கரண்ட் கொடுத்தா மேலும் கீழும் நகரும் சார்" என்று லேசாக ஊதி ஆட்டிக் காட்டினாள். அதற்குள் அவள் மாமா, கடன் வாங்கியாவது மருத்துவத்தில் சேர்த்துவிடலாம் என்றார். "கேன்சரைக் குணப்படுத்தணும்னு சின்ன வயசிலேர்ந்து சொல்றாளே" என்று நீங்களும் தலையாட்டினீர்கள்.

கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று அவளே சொன்ன பிறகு இந்தக் கடன் வேண்டாம். மற்ற வழக்கமான படிப்புகளைப் பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றிப் பலர் இருக்கிறார்கள். நான் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: புற்றுநோய்ச் சிகிச்சைக்கான புரோட்டான் கற்றையை லேசரால் உருவாக்கும் இயற்பியல் ஆய்வு.

புரோட்டான் என்பது ஹைட்ரஜன் அணுவின் கரு. அந்தக் கற்றை உடலுக்குள் போய் நிற்கும் இடத்தில்தான் தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் கொட்டும். கட்டிக்குப் பின்னால் உள்ள நல்ல திசு தப்பிக்கும். ஆழத்தில் உள்ள கட்டியை எட்ட 200 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) மேலும் தேவைப்படும். அதற்கு இன்று சைக்ளோட்ரான் போன்ற, துகள்களை வேகப்படுத்தும் பெரிய முடுக்கி இயந்திரங்கள் வேண்டும். லேசரால் அதைச் சிறிதாக்க முடியுமா என்று ஒரு கூட்டம் பாடுபடுகிறது. முடியைவிட மெல்லிய உலோகத் தகட்டில் லேசர் துடிப்பு விழுந்ததும் எலக்ட்ரான்கள் அதைத் துளைத்துப் பின்பக்கம் பாய்கின்றன. அங்கே மீட்டருக்கு லட்சம் கோடி வோல்ட் அளவில் மின்புலம் எழுகிறது. அது இழுத்துப் பறக்கவிடும் புரோட்டான்கள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? பெரும்பாலும் தகட்டில் படிந்த ஈரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் உள்ள ஹைட்ரஜனிலிருந்து!

2000-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 58 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை எட்டியதாக அறிவித்தது. 2024-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் குழு 150 வரை வந்ததாக வெளியிட்டது. நோயாளியிடம் கொண்டுபோகும் நிலை இன்னும் வரவில்லை. புரோட்டான்கள் ஒரே ஆற்றலில் வருவதில்லை, ஒவ்வொரு அடிக்கும் தகட்டில் அந்த இடம் சிதைந்துபோகிறது. அவளுக்கு அங்கே வேலை இருப்பதும் அதனால்தான். கதிர்பட்டால் நிறம் மாறும் படச்சுருள் துண்டுகளை அடுக்கி வைத்து, எத்தனையாவது துண்டு வரை கறை போயிருக்கிறது என்று பார்த்து ஆற்றலைக் கணக்கிடுவார்கள். லென்ஸை நுணுக்கமாக நகர்த்தும் பொறுமையும் இந்தக் கண்ணும் உள்ள பிள்ளைகளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

சரி, செலவு. குறைந்த கட்டணத்தில் நல்ல ஆய்வுக்கூடம் உள்ள கல்லூரியில் இளநிலை இயற்பியல் போதும். 'லேசர்' என்று பெயர் ஒட்டி லட்சங்களில் கட்டணம் கேட்கும் படிப்பு வேண்டவே வேண்டாம். முனைவர் பட்டம் உதவித்தொகையோடு கிடைத்தால் மட்டும் சேரட்டும். மொத்தம் பத்தாண்டு ஆகலாம், நிரந்தர ஆய்வுப் பணியிடங்களும் குறைவு. இதை அவளிடம் மறைக்காதீர்கள். நடுவில் மனம் மாறினால் மருத்துவமனையில் கதிர் சிகிச்சையைத் திட்டமிட உதவும் மருத்துவ இயற்பியலுக்குப் போகலாம், தனிப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும். லேசர், வெற்றிடக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கும் இந்தக் கைப்பழக்கம் வேண்டும்.

அவள் மாமாவிடம் நானே பேசுகிறேன். அடுத்த வாரம் அவளை மட்டும் அனுப்புங்கள்.